கைப்பிடியில் மாட்டிய கூடை

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, மாற்றலாகிப் போகும்போது, பங்களாவில் இருந்த இரண்டு பிள்ளை வண்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று பெரிய சக்கரம் வைத்த கனமான வண்டி. மற்றதைக் குடைபோல மடக்கி ஒரு கையால் தூக்கலாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் சுவரோரம் சாத்திவைக்கலாமே என்று சின்னதையே எடுத்தேன்.

அடுத்த வாரம், வேலை நேரத்தில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவுக்குக் காய்ச்சல். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. எட்டு மாத மகளை வண்டியில் வைத்து மலைக்குக் கொண்டுபோய், ரோட்டோரம் கண்ணில் படும்படி நிறுத்திவிட்டுக் கொழுந்து பறித்தேன். மழையில் நனைந்த கொழுந்து கல்லாய்க் கனத்தது. நிறுக்கும் இடத்துக்குப் போகிற வழியில் முதுகு தாங்காமல், கூடைக் கயிற்றைக் கழற்றி வண்டியின் கைப்பிடியில் மாட்டினேன்.

கையை எடுத்ததுதான் தாமதம், வண்டி பிள்ளையோடு பின்பக்கம் சாய்ந்தது. நல்லவேளை, கூடை முதலில் கொட்டியதால் அவள் தலை கொழுந்துக் குவியலில் விழுந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஓடிவந்தார். "என்னா புள்ள இது, கொழுந்தெல்லாம் மண்ணாப் போச்சே! இத எப்புடி நிறுக்கிறது?"

"புள்ள விழுந்திருச்சுங்க."

"அதான் அழுகுதுல்ல, ஒண்ணும் ஆகல" என்று கூடையைத் தள்ளிவைத்தார்.

இலேசான வண்டி வாங்கும் சகோதரிகளே, கைப்பிடியில் எதையும் மாட்டாதீர்கள். ஆயா வராத நாட்களில் நான் இப்போது முதுகில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாகத்தான் நடக்கிறேன். வண்டி எவ்வளவு தாங்கும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் எவ்வளவு தாங்குவேன் என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.