சித்தப்பாவுக்குக் கிடைத்த ஆபீஸ் வேலை

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். நம் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்காக இதை டைப் செய்யப்போகிற தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்திப் போட்டுவிடுங்கள்.

போன வாரம் கல்யாண் டவுனில் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பத்தாவது எழுதிவிட்டான். அடுத்து அவனை என்ன வேலைக்குத் தயார் செய்வது என்று பேச்சு வந்தது. கம்ப்யூட்டர் என்றார் ஒருவர். ரயில்வேயில் கோட்டா உண்டு என்றார் இன்னொருவர். நல்ல சத்தம் போடுகிற மெஷின் வேலையாகப் பார்த்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சொன்னார். பையன் அங்கேயேதான் உட்கார்ந்து எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அன்று சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பாவுக்கும் காது கேட்காது, பேச்சும் கிடையாது. தாராவியில் எங்கள் கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், எங்களோடுதான் இருந்தார். பழைய சாமான் கிடங்குகள் இருக்கிற கம்பவுண்டு பக்கம், நசுங்கிய எண்ணெய் டிரம்களை அடித்து நிமிர்த்துகிற கார்கானாவில் வேலை. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வெளியே வந்து அரைமணி நேரம் ஆனாலும் மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருக்கும். முதலாளி கடையநல்லூர்க்காரர், பாய் என்று கூப்பிடுவோம். சித்தப்பாவை வேலைக்குச் சேர்த்தபோது அவர் அப்பாவிடம், "காது கேக்காட்டி என்ன அண்ணாச்சி, இங்க வேல பாக்கவன் எல்லாம் கொஞ்ச நாள்ல அப்படித்தான் ஆவுதான். உங்க தம்பி முன்கூட்டியே ஆயிட்டாரு" என்றாராம். அப்பா இதைப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அம்மா மாட்டுங்காவில் ஒரு ஆபீசர் வீட்டில் சமையல் வேலை செய்தாள். அந்த ஆபீசர்தான் ஒருநாள், காது கேட்காதவர்களுக்கு ஒதுக்கின பியூன் வேலை ஒன்று கோட்டை ஏரியாவில் ஒரு ஆபீசில் காலியாக இருக்கிறது என்று சொல்லி, அவரே எழுதிப்போட்டு வாங்கியும் கொடுத்தார். வீட்டில் ஒரே கொண்டாட்டம். சித்தப்பாவுக்கு வெள்ளைச் சட்டை தைத்தார்கள். சித்தப்பாவுக்குப் பெண் கேட்டும் அதுவரை பதில் சொல்லாமல் இருந்த சுனாபட்டிப் பெண் வீட்டார், ஆபீஸ் மாப்பிள்ளை என்றதும் தாங்களாகவே வந்து தாம்பூலம் மாற்ற நாள் பார்க்கச் சொன்னார்கள். சித்தப்பாவுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பியூன் வேலை என்றால் மணி அடித்தால் எழுந்து போகிற வேலை. அதைக் காது கேட்காதவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆபீஸ்காரர்கள் சில நாள் மணி அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். சித்தப்பாவுக்குக் கதவோரம் ஒரு நாற்காலியும் தலைக்கு மேல் ஃபேனும் கொடுத்து, அப்படியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். சம்பளம் மட்டும் சரியாக வந்தது. எங்கள் சந்தில் பொறாமைப்படாத ஆள் இல்லை. "ஃபேனுக்கு அடியில சும்மா உக்காந்து சம்பளம் வாங்குதான். நமக்குக் காது கேட்டு என்னத்தக் கண்டோம்" என்று எதிர்வீட்டு மாமா தினமும் சொல்வார். நானும் பெரியவனானால் அப்படி ஒரு நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் சந்தேகப்பட்டது அம்மா. வெள்ளைச் சட்டையில் ஒரு அழுக்கு இல்லை, ஆனால் கொழுந்தனார் நகக்கண்ணில் கறுப்பு எப்படி வந்தது என்று கேட்டாள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு மாட்டுங்கா ஆபீசரே அம்மாவிடம், "உன் கொழுந்தன் கொஞ்ச நாளா ஆபீஸ் பக்கமே வரலையாமே. இப்படியே போனா வேலையில இருந்து எடுத்துடுவா. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிறுதான் தாம்பூலம் மாற்றுவதாக இருந்தது.

அம்மா சொன்ன நகக்கண் கறுப்பு அப்போதுதான் உறைத்து, அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கார்கானாவுக்குக் கிளம்பினார். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அவர் கூப்பிடாமலே பின்னால் ஓடினேன். சித்தப்பா அடி வாங்குவதைப் பார்க்கிற ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கும்.

கார்கானா வாசலில் வெள்ளைச் சட்டை ஆணியில் மடங்காமல் தொங்கியது. உள்ளே சித்தப்பா பழைய பனியனோடு நின்றார். ஆட்கள் முறை வைத்து வேலை செய்கிற இடம் அது. பாதிப்பேர் டிரம்மை அடித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் டீ கிளாசோடு சித்தப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யூபிக்காரர், பீகார்க்காரர், ஒரு மராத்திக்காரர், எங்கள் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர். ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசினார்கள். மீசையைத் தடவினால் பாய். காது மடலைப் பிடித்தால் டீ. அந்தச் சைகைகளில் பாதிக்கு மேல் சித்தப்பா வீட்டிலிருந்து கொண்டுபோனவை. அவை எல்லாமே எனக்குத் தெரிந்தவை.

சித்தப்பா ஆபீஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய ஆள் மணியை அழுத்துகிறார். அழுத்துகிறார். எழுந்து நின்று அழுத்துகிறார். நாற்காலியில் ஒருவன் கண்ணை மூடாமல் தூங்குகிறான். எல்லோரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். சித்தப்பா இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் பார்த்ததில்லை.

அப்பா நேரே போய் அவர் முன்னால் நின்று கத்தினார். வாய் திறந்து மூடுவதுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அப்பாவுக்குத் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

பிறகு கையை எடுத்தார். சித்தப்பாவைச் சுட்டினார். கோட்டைப் பக்கம் சுட்டினார். அதற்கு மேல் கை நகரவில்லை. வா, போ, குளி, தூங்கு, இவ்வளவுதான் அப்பா தம்பியிடம் கையால் சொல்லிப் பழக்கம். சித்தப்பா டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றி இருந்தவர்களும் பார்த்தார்கள். அப்பாவின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. கடைசியில் ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனார்.

சாப்பிட்டாயா என்று கேட்டார்.

சித்தப்பா தலையாட்டினார். சாப்பிட்டேன்.

அவ்வளவுதான். அப்பா திரும்பி வெளியே வந்துவிட்டார். பாய் பின்னாலேயே தெருமுனை வரை வந்தார். "நான் வரச் சொல்லல அண்ணாச்சி. இங்க வராதீயன்னும் சொல்லிப் பாத்தேன். அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. பாக்காத ஆளுகிட்ட நான் எப்படிச் சொல்ல?" என்றார்.

அந்த வேலை போனது. சுனாபட்டிச் சம்பந்தமும் போனது. சித்தப்பா செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆபீசில் இருந்திருந்தால் வயதான காலத்தில் பென்சன் வந்திருக்கும். கார்கானாவில் இடுப்பு வலிதான் மிச்சம். கல்யாண் பையனுக்கு எந்த வேலை நல்லது என்றும் எனக்குத் தெரியாது. எந்த வேலைக்குப் போனாலும் அங்கே அவனோடு பேச யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அவனிடமும் கேளுங்கள். இதைத்தான் அன்று சொல்ல நினைத்தேன்.

திரும்பி வரும்போது தொண்ணூறடி ரோட்டில் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். திடீரென்று நின்று, "ஏல, ஏன்னு கேக்கதுக்கு அவன் எப்படிக் காட்டுவான்?" என்றார்.

நான் உள்ளங்கையை நெஞ்சுக்கு முன்னால் விரித்து, புருவத்தைத் தூக்கி, வெளியே ஒரு திருப்புத் திருப்பிக் காட்டினேன். அப்பா செய்து பார்த்தார். கை சரியாக வந்தது, புருவம் வரவில்லை. புருவத்தைத் தூக்கச் சொன்னேன். தூக்கியபோது கை வரவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. தம்பியை அடித்து இழுத்துவரப் போனவர், அவரையும் விட்டுவிட்டு நடுரோட்டில் நின்று எதற்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்துபார்க்கிறார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

எழுதி முடித்தது: 14 ஜூலை 2024, ஞாயிற்றுக்கிழமை.