பஹதூர் மகனின் கவிதையும் தண்ணீர் மனுவும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் காலனி வாட்ச்மேன் பஹதூர் ஒரு கடிதத்தோடு வந்தார். நேபாளத்துக்காரர். அறுபது வயது. மெட்ராஸ் பக்கம் வந்து முப்பது வருஷம். ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்தே பதினைந்து வருஷம். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"சார், புள்ள எய்திகீறான். இன்னா எய்திகீறான்னு பாரேன். நமக்குப் படிப்பு லேது."

நான் இந்தியில் இரண்டு பரீட்சை பாஸ் செய்தவன். நேபாளிக்கும் அதே எழுத்துதானே? பார்த்தேன் — கவிதை!

அப்போது பக்கத்தில் இருந்தார் தேவசகாயம் சார். ரிடையர்டு ஹெட்மாஸ்டர், காலனி சங்கச் செயலாளர். "நேபாளிக் கவிதையா! நாளைக்கு நம்ம இலக்கியக் கூட்டத்துல நீங்கதான் விளக்கணும்" என்றார். மறுத்திருக்கலாம். ஆனால் கைதட்டல் என்று ஒன்று இருக்கிறதே…

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். வரிக்கு வரி ஒரே வார்த்தை — 'பனி'. இந்தியில் 'பானி' என்றால் தண்ணீர். பையன் கால் போட மறந்திருக்கிறான்! கவிஞனின் பிழையை நானே திருத்திக்கொண்டேன். 'லாஹுரே' என்று வேறு ஒன்று வந்தது. லாகூர், வேறென்ன?

ஞாயிறு மாலை நாற்பது பேர் வந்திருந்தார்கள். முதலில் மூலத்தை வாசித்தேன். என் உச்சரிப்பில் பஹதூருக்கே ஒன்றும் புரியவில்லை. "பெரிய படிப்பு பாஷை சார்" என்று பெருமைப்பட்டார்.

பிறகு விளக்கம். "பல் — தண்ணீர்! கண் — தண்ணீர்! பசு — தண்ணீர்! லாகூர் வரைக்கும் தண்ணீருக்காகத் தவிக்கும் ஒரு கிராமம்…"

காலனியில் கிணறெல்லாம் வற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தேவசகாயம் சார் எழுந்து, பஞ்சாயத்துக்கு உடனே மனு என்றார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பஹதூரும் கைநாட்டு வைத்தார்.

வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "அங்கியும் தண்ணி இல்லியா? அப்போ நா ஊருக்குப் போவல சார். இங்கியே கீறேன்."

நான் கடிதத்தைச் சட்டைப்பையில் வைக்கப் பார்த்தேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்தோணி எழுந்து வந்தார். பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். அங்கே மரமில்லில் கூர்க்காக்களோடு வேலை பார்த்து, அவர்கள் பாஷையும் எழுத்தும் பழகியவராம்.

"அந்தப் பேப்பரைக் குடுங்க சார்."

மெல்ல வாசித்தார். பஹதூரின் முகம் மாறியது.

"'பனி'ன்னா தண்ணியில்ல சார். 'உம்'. பல்லும், கண்ணும்னு சொல்றோம் இல்ல, அந்த 'உம்'. லாஹுரேன்னா வெளியூருக்குப் பொழைக்கப் போனவன்."

பிறகு தமிழில் சொன்னார். 'பிழைக்கப் போன அப்பா, உன் பல்லும் போயிருக்கும். கண்ணும் மங்கியிருக்கும். இங்கே நம் பசுவும் போய்விட்டது. எனக்கும் நரைக்கிறது. நீ வந்து நின்றால், யார் நீ என்று கேட்டுவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. இருந்தாலும் வா.'

பஹதூர் தரையைப் பார்த்தபடி கேட்டார்: "நெஜமாவே அடையாளம் தெரியலன்னா?"

அந்தோணி கடிதத்தை மடித்தார். "நான் கப்பலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனப்ப, எங்க அண்ணன் மகன் கதவைத் திறந்து 'யாரு வேணும்?'னு கேட்டான். ஒரு பத்து நிமிஷம் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் காபி குடுத்தான். நீங்க போங்க பஹதூர்."

அடுத்த வாரமே பஹதூர் சென்ட்ரலில் ரயிலேறினார். வழியனுப்ப அந்தோணி போனார். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஆனால் மனு? அது மறுநாள் காலையிலேயே போய்விட்டிருந்தது — என் விளக்கத்தோடு. பஞ்சாயத்தில் படித்தவர் உருகிவிட்டாராம். இப்போது வாரம் மூன்று நாள் தண்ணீர் லாரி வருகிறது.

முந்தாநாள் தேவசகாயம் சார் வீட்டுக்கு வந்தார். "அடுத்த கூட்டத்துக்கு ஒரு வங்காளிக் கவிதை வெச்சிருக்கேன். நீங்கதான் விளக்கணும்."

"சார், எனக்கு வங்காளி ஒரு எழுத்துகூடத் தெரியாதே!"

"அதனால என்ன சார்? நமக்கு இப்போ தெரு விளக்கு வேணும்."