சல்லடையில் தங்கிய எலும்புகள்

தேவனூர் நாடு என்ற மலையூர்ப் பகுதியில், மரவள்ளித் தோட்டமொன்றில் அகழாய்வு செய்தபோது பழங்கால நாய் ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. குப்பையோடு வீசிய நாய் என்றே நினைத்தேன். மழைக்குள் கிழங்கு நட வேண்டுமென்று தோட்டத்துக்காரப் பெண் அவசரப்படுத்தியதால், பெரிய கண் சல்லடையில் மண்ணை வேகமாகச் சலித்துக் கொட்டினோம்.

கடைசி நாள் அந்தச் சல்லடை கிழிந்தது. வேறு வழியின்றி, நாயின் வயிற்றடியில் மிஞ்சிய மண்ணைச் சிறிய கண் சல்லடையில் போட்டேன். ஈர்க்குச்சி போன்ற எலும்புகள் தங்கின. பிறக்காத குட்டிகளுடையவை.

சொன்னதும் அந்தப் பெண் குழியோரம் உட்கார்ந்துவிட்டார்.

“செனையா இருந்துச்சுங்களா?”

“ஆமாங்க.”

“கெழங்கு அப்பறம் நட்டுக்கறனுங்க. குட்டிகள ஒண்ணு உடாம எடுத்துருங்க.”

சலித்துக் கொட்டிய மண்மேடு பின்னால் கிடந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சிறிய கண் சல்லடையில் மறுபடி சலிக்க, அதிலிருந்து முதல் கூடை மண்ணை அவர்தான் அள்ளி வந்தார்.

இன்றும் சல்லடையில் தங்குவதைவிட, அதன் கண்வழியே விழுந்துபோவதைத்தான் அதிகம் நினைக்கிறேன்.