ஒட்டுவதற்குப் போட்ட மா

இந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு முழு வரிசையை 'இல்லை'களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். கோதுமை இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை, சீனி இல்லை. ஒரு பொருளில் எவ்வளவுக்கெவ்வளவு ஒன்றும் இல்லையோ அவ்வளவுக்கவ்வளவு விலை கூடுகிறது. நான் பிறந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், எல்லா வீட்டிலும் இதெல்லாம் இல்லாமல்தான் இருந்தது. அதைப் பெட்டியில் போட்டு விற்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வரிசையில் கூடையோடு நானும் ஒரு வாரம் நின்றேன். அங்கே விற்கும் பாணை, அதாவது பிரெட்டை, தின்றவர்களுக்குத் தெரியும், மரத்தூளை நனைத்து அழுத்தி வைத்த மாதிரி இருக்கும். அதைக் கடித்துக்கொண்டே 'லவ்லி' என்று வேறு சொல்கிறார்கள்.

இலங்கையில் பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டம் என் ஊர். நாலு வருடத்துக்கு முன் கேர் ஹோம் வேலை கிடைத்து, புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு வட இங்கிலாந்தின் இந்தச் சிறு ஊருக்கு வந்தேன். முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடும் வேலை. வந்த இரண்டாம் வருடத்திலிருந்து வயிற்றுவலி. மத்தியானமானால் வயிறு உப்பி, உள்ளே யாரோ துணி பிழிவது போல முறுக்கும். இரத்தத்தைச் சோதித்தார்கள், வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். எங்கள் மேனேஜர் பெண்மணி தேன் ஒழுகப் பேசுகிறவள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் போதெல்லாம் 'ஆர் யூ ஓகே, லவ்?' என்று தோளைத் தடவுவாள். மறு வாரம் என் ஷிஃப்டில் ஒன்றை வெட்டிவிடுவாள். என் விசா அவர்கள் கையில் இருக்கிறது. வயிறு சரியாகாவிட்டால் வேலை போகும், வேலை போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

கடைசியில் ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பினார்கள். என் மகளை விடக் கொஞ்சம் மூத்தவள் போலிருந்தாள். காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டாள். ரொட்டி என்றேன். "ஓ, நான் ரொட்டியா! எனக்கும் 'நான்' என்றால் உயிர்" என்றாள். அந்த 'நான்' இல்லை, எங்கள் ரொட்டி, கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுக் கல்லில் தட்டிச் சுடுவது என்று விளக்கினேன். "பிரமாதம். அதை எப்போதாவது ஒரு ட்ரீட்டாக வைத்துக்கொள்ளலாமே?" என்றாள். எங்கள் சனம் பல தலைமுறையாகத் துணியில் கட்டி மலைக்கு எடுத்துப் போய்க் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றது இவளுக்கு ட்ரீட். சந்தேகம் கோதுமையின் மேல்தான் என்றாள். ஆறு வாரம் அடியோடு நிறுத்து, வலி போகிறதா பார், பிறகு திரும்பச் சாப்பிடு, வலி வருகிறதா பார். வந்தால் குற்றவாளி அதுதான்; வாழ்நாள் முழுக்க அதைத் தொடக்கூடாது.

எனக்கு ரொட்டியை விடப் பிடித்த சாப்பாடு கிடையாது. அதற்காக நான் பட்ட அவமானமும் கொஞ்சமில்லை. பதுளையில் படித்தபோது என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாலே வகுப்புக்குச் சிரிப்பு வரும். "தோட்டத்துப் பிள்ளையளுக்கு உது ஒண்டுதான் தெரியும்" என்று ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர் மூக்கைச் சுளித்தார். இங்கே தமிழ்ச் சங்கத்து விழாவில் அதே ரொட்டியை 'மலையகச் சுவை' என்று பலகை எழுதி வைத்து விற்கிறார்கள். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போட்டோ பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். முந்தி மூக்கைச் சுளித்ததும் இப்போது வாயைப் பிளப்பதும் ஒரே ஆட்கள்தான். ரொட்டி அவர்களைச் சட்டை செய்யாமல் அப்படியே இருக்கிறது.

நிறுத்திய முதல் வாரம் வலி போகவில்லை. கோதுமை உடம்பை விட்டு இறங்க நாளாகும் என்றாள் டயட்டீஷியன். அந்தச் சமயத்தில் லீவு கிடைத்துத் தனியாக ஊருக்குப் போனேன். அண்ணன் குடும்பம் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறது; நான் அனுப்பும் காசில் பக்கத்தில் ஒரு வீடு மெதுவாக எழும்பிக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலை, அண்ணி செல்லம்மா பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், பேர் கொடுக்கப் போகும் முன் எழுந்து ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் இடித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"வேணாம் அண்ணி. எனக்கு ரொட்டி சேருதான்னு டெஸ்ட் பண்றாங்க. கொஞ்ச நாளைக்குத் தொடக்கூடாது."

"ரொட்டி சேராதா? ஒனக்கா? பொறந்ததுலேருந்து அதத்தானே தின்ன?"

அண்ணன் சிரித்தான். "வெள்ளக்காரன் வயித்த வாங்கி மாட்டிக்கிட்டு வந்திருக்கா, விடு."

பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது, லண்டன்காரிக்கு ரொட்டி இறங்காதாம். நான் இருக்கும் ஊருக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லி என்ன பயன்? ஒருத்தி ஓமம் கொண்டுவந்தாள். ஒருத்தி திருஷ்டி கழிக்கச் சொன்னாள். இன்னொருத்தி வாசலில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்றே, "இனி சோத்தையும் கரண்டியாலதான் திம்பாங்க போல" என்றாள். மறுநாளிலிருந்து அண்ணி என்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

ஆனாலும் அவள் பசறைக்குப் போய்க் குரக்கன் மா, கேழ்வரகு மா, வாங்கிவந்தாள். அடுத்த நாளிலிருந்து எனக்கு மட்டும் குரக்கன் ரொட்டி, கறுப்பாக, மெத்தென்று. வயிறு நிறையத் தின்றேன். இரண்டே நாளில் வலி நின்றது. மத்தியானம் வந்தது, போனது, வயிறு வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை தப்பியது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் பிரசங்கத்தில் இறங்கிவிட்டேன். வந்தவர் போனவரையெல்லாம் பிடித்து உட்கார வைத்து, வெள்ளைக்காரத் துரைமார் பழக்கிவிட்ட வெள்ளை மாதான் நம்ம சனத்தைக் கெடுத்தது, இன்னுமா இதைத் தின்கிறீர்கள் என்று விளாசினேன். டயட்டீஷியனின் குரல் என் தொண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அண்ணன் வெள்ளை ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் நாள் நெருங்கியதும் அந்தக் குரக்கன் ரொட்டியைப் பழகிக்கொள்ள அடுப்படிக்குப் போனேன். அண்ணி குரக்கன் மாவைத் தட்டில் கொட்டினாள். அதே அளவுக்கு இன்னொரு டின்னிலிருந்து வெள்ளை மாவை அள்ளிக் கொட்டினாள்.

"அண்ணி, அது என்னா?"

"கோதும மா."

"எனக்குத்தான் அது ஆகாதுன்னேனே!"

"நீங்க ரொட்டிதானே வேணாம்னீங்க? இது ஒட்டுறதுக்குப் போடுறது. இல்லாட்டி வெறும் குரக்கன் கல்லுலயே ஒடஞ்சி போயிருமே."

அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அவள் கணக்கில் வெள்ளையாகச் சுட்டு வருவதுதான் ரொட்டி. ஒட்டுவதற்குப் போடுவது சாப்பாட்டில் சேராது, உப்பும் தண்ணீரும் மாதிரி. எனக்குக் கத்த வேண்டும் போல வந்தது. பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தினமும் பாதிக்குப் பாதி கோதுமை தின்ற வயிறு, ஆட்டுக்குட்டி போல அமைதியாக இருந்தது.

"எனக்கு வெள்ளையிலயே சுடுங்க அண்ணி" என்றேன். அவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சுட்டாள். குரக்கனைத் திரும்பிப் பார்க்காமல் அதையே ஊரை விட்டுக் கிளம்பும் வரை தின்றேன். ஒன்றும் செய்யவில்லை.

இங்கே வந்து மீண்டும் வேலைக்குப் போனேன். தமிழ்க் கடையில் மா வாங்கி, அதே தேங்காய்ப்பூ, அதே பச்சை மிளகாய் போட்டு ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டு ஷிஃப்டுக்கு நடந்தேன். மத்தியானம், யாரோ ஒருவரின் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் துணி பிழிய ஆரம்பித்தது. மறுநாள் வெறும் சோறு தின்றுவிட்டுப் போனேன். அன்றைக்கும் பிழிந்தது. தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. நான் டெஸ்ட்டை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறேன். இந்த நாட்டை நிறுத்தினேன், வலி போனது. இந்த நாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், வலி வந்தது.

டயட்டீஷியனிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "லீவில் எல்லோருக்குமே நன்றாக இருக்கும்" என்று சிரித்தாள். எனக்கு லீவில் போகிற நாடு அதுவல்ல என்று அவளுக்கு விளக்க என்னிடம் ஆங்கிலமும் இல்லை, பொறுமையும் இல்லை. பிறகு கேட்டாள், "சேராததை வாழ்நாள் முழுக்க விட்டுவிட உன்னால் முடியுமா?" ஊரில் பாதிச் சுவரோடு நிற்கும் வீட்டை நினைத்தேன். மகளின் பள்ளிக்கூடத்தை நினைத்தேன். "கோதுமையா? விட்டுவிடலாம்" என்றேன். காரணம் கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தாள். மேனேஜருக்குப் பரம திருப்தி. வெட்டிய ஷிஃப்டைத் திரும்பத் தந்தாள். வலியை இப்போது மாத்திரை போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு மறைக்கிறேன். குற்றமே செய்யாத ரொட்டிக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்த என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வீட்டில் ரொட்டி சுடுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளுக்காகச் சுடுகிறேன். அவள் காதில் எதையோ மாட்டி, இந்த ஊர்ப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு, தட்டைப் பார்க்காமலே ஒன்றன் பின் ஒன்றாகத் தின்கிறாள். நான் எதிரில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்க்கிறேன். அவளுக்கு ஒன்றும் செய்வதில்லை. அவளுக்கு எல்லாம் சேர்ந்துவிட்டது.