வரம்புக்கு உட்பட்ட அதிர்வு

வெடி வைக்கும் குவாரிகளைச் சுற்றி அதிர்வுமானி பொருத்துவதுதான் அவளுடைய பிழைப்பு. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரசமட்டம். கருவியின் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். பேச்சிலும் கோணல் கிடையாது. அந்த வாயாலேயே முன்பு ஒரு வேலையைத் தொலைத்தவள்.

அண்ணன் வீட்டுக்குப் பின்னாலேயே குவாரி வந்தது. சுவரெல்லாம் விரிசல் விட, அவன் புகார் கொடுத்தான். அளந்து சொல்லும் பொறுப்பு இவள் கம்பெனிக்கு வந்தது.

"அது எங்கண்ணன் வீடு சார். வேற யாரையாவது அனுப்புங்க" என்றாள் மேலாளரிடம்.

"ஆள் இல்லம்மா. மிஷின் காட்டறதத்தானே எழுதப்போற?"

அண்ணனுக்கோ தலைகால் புரியவில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணே வந்துட்டா, இனி என்ன கவலை!" என்று வாசலிலேயே அண்ணியிடம் சொன்னான்.

அவள் அஸ்திவாரத்தை ஒட்டி மண்ணைத் தோண்டி, கான்கிரீட்டைச் சுரண்டித் துடைத்து, துளை போட்டுக் கருவியை போல்ட்டில் முறுக்கினாள். அதன் மேலிருந்த அம்புக்குறியைக் குவாரி பக்கம் திருப்பினாள். அண்ணன் பக்கத்தில் குந்தினான்.

"இப்படி இறுக்கினா அது எப்படி ஆடும்? கொஞ்சம் லூசா விடேன்."

"லூசா விட்டா மிஷின் ஆடுறதுதான் பதிவாகும்ணே. வீடு ஆடுறது பதிவாகாது."

"உன்னத் தோள்ல தூக்கி வளர்த்தவரு கேக்கறாரு" என்றாள் அண்ணி.

இவள் போல்ட்டை இன்னொரு சுற்று முறுக்கினாள்.

மதியம் வெடித்தது. ஜன்னல் லேசாகக் கிலுகிலுத்தது, அவ்வளவுதான். திரையில் வந்த எண் அனுமதித்த வரம்புக்குள்தான் இருந்தது.

"வேணும்னே சின்ன வெடியா வெச்சிருக்கானுங்க! தினமும் பாத்திரமெல்லாம் உருளும்" என்று அண்ணி கத்தினாள்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. மேலாளரை அழைத்து, கருவியைச் சில நாள் அங்கேயே விட்டுவைக்கக் கேட்டாள்.

"ஒரு வெடிக்குத்தான் ஆர்டர். கழட்டிட்டு வா."

அறிக்கையின் கடைசியில் தன் சந்தேகத்தை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அண்ணன் போன் செய்தான். "இன்னிக்கு வெச்ச வெடியில கூரைக்காரை பெயர்ந்து கட்டில் மேல விழுந்திருக்கு. இப்ப வா, வந்து உன் மிஷின வை." கருவி அப்போது வேறு வேலைக்காக ஒரு பாலத்தடியில் இருந்தது.

விசாரணையில் அவள் சந்தேகத்தை யாரும் வாசிக்கவில்லை. குவாரி வக்கீல் எண்ணை மட்டும் வாசித்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அளந்தது உங்க சொந்தத் தங்கச்சிதானே? அவங்க பொய் சொல்றாங்களா?" என்றார்.

அண்ணன் புகார்த் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். புகார் தள்ளுபடியானது.

மழைக்காலத்தில் பின்சுவர் சாய்ந்தது. அவர்கள் வாடகைக்கு வீடு பிடித்துப் போனார்கள். அதுவும் அவளுக்கு ஊரார் சொல்லித்தான் தெரியும். போன் செய்தபோது அண்ணிதான் எடுத்தாள்.

"அண்ணன்கிட்ட கொஞ்சம் குடுங்க அண்ணி."

"அவரு பேசமாட்டாரு."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. அதத்தான் அவரும் சொல்றாரு" என்றாள் அண்ணி. "நல்லா இரு."

அடுத்த வாரம் மேலாளர் அவளை அதே குவாரியை ஒட்டிய வேறொருவர் வீட்டில் அளக்க அனுப்பினார். அவளும் போனாள்.