அதிகம் பேசுகிற சானல் எது?

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: இப்போதெல்லாம் வாடிக்கையாளர் பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, போனை நீட்டுகிறார். அதில் ஒரு வீடியோ பாதியில் நிற்கும். கிரீஸ் படிந்த விரலால் ஏதோ ஒரு இரும்புத் துண்டைத் தொட்டு, இதுதான் வேண்டும் என்பார். விரல் பட்டதும் வீடியோ ஓடத் தொடங்கிவிடும். பிறகு அந்த இரும்புத் துண்டைத் தேடி இரண்டு பேரும் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் ஆரியசாலையில் அப்படி ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். இயற்பியல் படித்துவிட்டு, அதிகம் பேச வேண்டியிராது என்று நம்பி வந்த வேலை. மெக்கானிக்குகள் வருவார்கள், பெயரைச் சொல்வார்கள், எடுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெக்கானிக்காக இருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் பிடித்த சானல் ஒன்று உண்டு. அதைக் குறை சொன்னால் சொந்தக்காரரைக் குறை சொன்னதுபோல் முகம் வாடிவிடும். என்னைப் போலவே கவுண்டரில் நின்று அவதிப்படுகிறவர்களுக்காக இவற்றை எழுதுகிறேன்.

இடது பக்கத்துப் பாட்டில்

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவருக்கு அமெரிக்கத் தாடிக்காரர் ஒருவரின் சானல்தான் வேதம். பிரேக் ஆயில் ஊற்றுவது எப்படி என்று அதில் பார்த்துவிட்டு, ஆயிலும் வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து வந்து, ஊற்றியும் பிரேக் விளக்கு அணையவில்லை என்றார். எங்கள் கடையில் என்னோடு கவுண்டரில் நிற்கும் பினு சேட்டன் வெளியே போய் பானெட்டைத் திறந்து பார்த்தார். தாடிக்காரரின் ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம், பிரேக் ஆயில் பாட்டிலும் இடது பக்கம். நம்மவரும் இடது பக்கத்தில் கண்ணில் பட்ட பாட்டிலில் ஊற்றியிருக்கிறார். அது முன் கண்ணாடி கழுவும் தண்ணீர் பாட்டில்.

கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்திருந்தால் பானெட்டின் பெயிண்ட் முழுக்க உரிந்திருக்கும் என்று பினு சேட்டன் மெதுவாக எடுத்துச் சொன்னார். கம்ப்யூட்டர்காரர் சொன்னார்: "அப்போ நான் ஒரு வாரமா கண்ணாடி கழுவாதது நல்லதாப் போச்சு, அல்லே சேட்டா?"

கையோடு வந்த போல்ட்

எங்கள் தெருவிலேயே அரிசி மொத்த வியாபாரம் செய்யும் செல்லப்பா அண்ணாச்சிக்குப் பிடித்த சானலில் ஒரு இளைஞர் தன்னைத் தானே படம் பிடித்துக்கொண்டு ரிப்பேர் செய்வார். அதைப் பார்த்து அண்ணாச்சி எஞ்சின் ஆயிலை வடிக்கும் போல்ட்டைக் கழற்றப் போனார். திருகத் திருக இறுகியது. வீடியோவில் இப்படித்தானே என்று இன்னும் பலமாகத் திருகினார். கடைசியில் மரை போய், போல்ட் கையோடு வந்துவிட்டது.

நான் அவர் போனை வாங்கி அந்த வீடியோவைப் பார்த்தேன். இளைஞரின் பனியனில் எழுத்துகள் எல்லாம் திரும்பி இருந்தன. செல்ஃபி கேமராவில் எடுத்ததால் வலது இடதாகிவிட்டது. என் குரல் அண்ணாச்சிக்கு எட்டவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் சிரித்தார். "பய நல்லவன்தான் பாப்பா, கேமராதான் பொய் சொல்லிட்டு."

மாமியின் கேள்வி

எந்தச் சானல் நல்லது என்று கேட்பவர்கள் எல்லோரும் கூடவே ஒரு நிபந்தனையும் சொல்வார்கள்: அதிகம் வளவளக்கக் கூடாது. கோமதி மாமி ஒருத்திதான் தலைகீழாகக் கேட்டாள். ஸ்ரீவராகத்திலிருந்து பூ வைத்த தலையும் பிளாஸ்டிக் கூடையுமாக வந்திருந்தாள். யார் ரொம்பப் பேசுவார் என்று கேட்டாள்.

நான் விழித்ததைப் பார்த்து அவளே சொன்னாள். மாமாவுக்கு வார இறுதியில் பழைய காரைப் பிரித்துப் பூட்டுவதுதான் பொழுதுபோக்கு. கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை மங்கத் தொடங்கிய சமயத்தில் கார்பரேட்டரைக் கழற்றி வைத்தார். அதைத் திரும்பப் பூட்டுவதற்குள் பார்வை போய்விட்டது. கார் அப்படியே வீட்டு வாசலில் நிற்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன் ஓணத்துக்கு வருகிறான். அதற்குள் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பழைய இரும்பு எடுக்கும் ஆக்ரிக்காரருக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அவன்மேலும் தப்பில்லை, தெருவில் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் காரைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. மாமாதான் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் இனி மாமி கை, மாமா காது.

கோட்டயத்துக்காரர் ஒருவரின் சானலை எடுத்துக் கொடுத்தேன். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குள் அந்த ஸ்க்ரூவின் பூர்வீகத்தையே சொல்லிவிடுவார். படம் ஒரே இருட்டாக இருக்கும் என்று எச்சரித்தேன். மாமி போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். "பாக்க நன்னா இருக்க வேண்டாம்டீ கொழந்தே, கேட்டாப் புரிஞ்சாப் போறும்."

இட்லித் தட்டு

கார்பரேட்டர் மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் அட்டை வந்ததும், வீட்டுக்குப் போகும் வழிதானே என்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மாமி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்திருந்தாள். ஒவ்வொரு பாகத்தையும் மாமி அவர் விரலில் கொடுப்பாள். அவர் தடவிப் பார்த்துப் பெயர் சொல்லுவார். பெயர் சொன்ன வரிசையில் மாமி அதை இட்லித் தட்டில் ஒரு குழியில் போடுவாள். நடுநடுவே சண்டை. அவர் மெதுவா என்பார். இவள், மெதுவாத்தான் பண்றேன், நீங்கதான் வேகமா பயப்படறேள் என்பாள்.

இட்லித் தட்டில் பெட்ரோல் வாசனை தூக்கியது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு மாமி சொன்னாள்: "இந்தத் தட்டு இனிமே அடுக்களைக்கு வராது, தெரியும். கார் வரட்டும்."

தோ, இப்டி

பூட்டியாயிற்று என்று மாமி போனில் சொன்னாள். சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒரு தடவை செருமிவிட்டு அணைந்துவிட்டதாம். கீழே பெட்ரோல் சொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் ஏறும் அளவை ஒரு சின்ன மிதவை கட்டுப்படுத்தும். மிதவை உயர்ந்தால், அதில் கொக்கி மாட்டிய ஊசி ஒன்று பெட்ரோல் வரும் துளையை அடைக்க வேண்டும். அந்தக் கொக்கி மாமியின் கண்ணுக்குப் பிடிபடாத அளவு சின்னது, மாமாதான் விரலால் தடவி மாட்டினார், அது சரியாக மாட்டவில்லை.

அந்த இடத்தை வீடியோவில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். கோட்டயத்துக்காரர் அதுவரை மூச்சு விடாமல் பேசிவிட்டு, அங்கே மட்டும் "தா, இங்ஙனெ" என்று மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். வேறு சானல்களையும் பார்த்தேன். தமிழ்க்காரர் "இதோ, இப்படி" என்றார். இந்திக்காரர் "ஐஸே" என்றார். நல்ல கண் இருப்பவர்களுக்கு அது போதும். மாமியை மறுபடி போனில் கூப்பிட்டபோது பின்னாலிருந்து மாமா குரல் கேட்டது: "நாழி பூரா பேசறா. வேண்டிய எடத்துல எல்லாரும் 'தோ, இப்டி'ங்கறா."

அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே

அதே கார்பரேட்டரை நன்றாகக் காட்டும் வீடியோ ஒன்றுதான் கிடைத்தது. அதில் இரண்டு கைகள் மட்டும் வரும். பேச்சே கிடையாது, ஸ்பேனர் சத்தம்தான். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, மாமாவைத் தவிர மற்ற எல்லோருக்கும்.

அதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். பினு சேட்டனைக் கேட்டேன். தனக்கும் "இங்ஙனெ" என்றுதான் வரும் என்று கையை விரித்தார். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும், கடையில் இருந்த ஒரு கார்பரேட்டரை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கிடங்குக்குப் போனேன். வீடியோவைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் போகும் வழியை வாயால் சொல்லி ரிக்கார்ட் செய்தேன். முதலில் போட்டுக் கேட்டபோது நானும் "இப்படி" என்றுதான் சொல்லியிருந்தேன். அழித்தேன். மறுபடியும் ரிக்கார்ட் செய்து போட்டால் குரல் எனக்கே கேட்கவில்லை. அதையும் அழித்தேன்.

பிறகுதான் சரியாக வந்தது: மூடியை இடது உள்ளங்கையில் கவிழ்த்து வையுங்கள். மிதவையின் நாக்கு, அதாவது நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகடு, உங்கள் கட்டை விரலைப் பார்த்து நிற்கட்டும். ஊசியின் தலையில் தலைமுடி போல ஒரு கம்பி வளையம் இருக்கும், அதுதான் கொக்கி, அதை நகத்தால் தேடுங்கள். அந்த வளையத்தை நாக்கின் விளிம்பில் தொங்கவிட்டு, ஊசியோடு சேர்த்துத் துளைக்குள் இறக்குங்கள். இறக்கிய பின் மிதவையை ஒரு விரலால் தூக்கினால், ஊசி கூடவே எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் வளையம் மாட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் கிடங்கு வாசலில் முதலாளி. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது. "ஏம்மா, இவ்வளவு சத்தம் உன் தொண்டையில இருக்கா? கவுண்டர்ல எங்க ஒளிச்சு வைக்க?"

ஆக்ரிக்காரர்

ரிக்கார்டிங்கை அனுப்பிய பிறகு பதிலே வரவில்லை. ஓணம் வந்தது. கடைக்கு விடுமுறை விட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து, கட்டை விரல் என்று சொன்னேனா, ஆள்காட்டி விரல் என்று சொல்லிவிட்டேனா என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

கடை திறந்ததும் மாமாவும் மாமியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆட்டோவைப் பார்த்ததும் கார் போய்விட்டது என்று நினைத்தேன். மாமிதான் நடந்ததைச் சொன்னாள். மகன் வந்த மறுநாள் ஆக்ரிக்காரர் சின்ன லாரியோடு வந்துவிட்டாராம். மாமா ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்றாராம். மாமி சாவியைத் திருப்பினாள், இருமியது. திரும்பவும் திருப்பினாள், இருமியது. மாமா விரலால் கார்பரேட்டரைத் தடவிப் பார்த்து, சொட்டவில்லை, இன்னொரு தடவை என்றார். பிடித்துக்கொண்டது. தெருவே எட்டிப் பார்த்ததாம். மகன் அப்பாவின் கையை எடுத்து, நடுங்கும் பானெட்டின் மேல் வைத்தானாம். ஆக்ரிக்காரர் கட்டின கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "ஓடுற வண்டி எனக்கு வேண்டா சாரே, பாவம் கிட்டும்" என்று சொல்லிப் போய்விட்டாராம். மாமி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாள். லைசென்ஸ் வரும்வரை ஆட்டோதான்.

நான் மெதுவாக, ரொம்ப சந்தோஷம் மாமி என்றேன். மாமா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீதானா அது? போன்ல கேக்கறச்சே பெரிய இஞ்சினீயர் அம்மான்னு நெனச்சுண்டிருந்தேன். அவ ஓட்டறதுக்கு முன்னாடி பிரேக் பாக்கணும். அதையும் நீயே சொல்லிடு, ஆனா இதே மாதிரி, விரலுக்குச் சொல்லணும்."

வீட்டில் வாயே திறக்காதவள் என்று பெயரெடுத்த நான் இப்போது தினமும் சாயங்காலம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று பிரேக் ஷூவைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன், சொன்னால் அம்மா நம்ப மாட்டேன் என்கிறாள்.