பெயர்க்கல்

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் நான் வேலை செய்த கம்பளக் கடையின் முதலாளி ஆர்மேனியர், பெரிய பணக்காரர். பழைய ஆர்மேனியக் கையெழுத்துப் பிரதிகளை ஏலத்தில் வாங்கிச் செப்பனிட்டு மடங்களுக்குக் கொடுப்பார். தன் தாத்தா பிறந்த மலைக் கிராமத்தில் பள்ளிக்கூடம், பாலம், ஊற்றுநீர் விழும் கல்தொட்டி என்று கட்டிக்கொண்டே இருப்பார். எல்லாவற்றிலும் அவர் பெயர் பொறித்த கல் இருக்கும். கம்பளம் வாங்க வருபவர்களுக்கும் அவற்றின் படங்களைக் காட்டுவார்.

பிறகு அங்கே சண்டை வந்தது. சனம் முழுவதும் வெளியேற, கிராமம் மறுபக்கத்தார் கைக்குப் போனது. அந்த வாரங்களில் கடையில் ரேடியோ போடவே அவர் விடவில்லை.

குளிர்காலத்தில் ஒரு பெண் அவரைத் தேடி வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியையாம். இருவரும் தங்கள் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று முதலாளி எழுந்து என்னிடம் வந்தார். அவர் பிரெஞ்சில் சொன்னது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாக இப்படித்தான் விழுந்தது:

"என்ரை பேர்க்கல்லுகளை ஊர்ச்சனமே போகேக்கை உடைச்சுப்போட்டினமாம். வாறவன் உடைக்கிறதை நினைக்கேலாமல் இருந்ததாம்."

"தண்ணித்தொட்டி?" என்றேன்.

ஆசிரியையிடம் கேட்டுவிட்டுத் திரும்பினார். "அதைத் தொடேல்லையாம். தண்ணி ஆருக்கும் விடாய்க்கும்தானே எண்டு சொல்லுறா."

முதலாளியின் முகத்தில் இருந்தது கோபமா, வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊர்ச் சண்டையில் நாங்களும் இடம்பெயர்ந்தபோது வீட்டுக் கிணற்றை அப்படியே விட்டுவிட்டுத்தான் வந்தோம். அது பெருந்தன்மையல்ல, வேறெதற்கும் நேரம் இருக்கவில்லை.

"அண்ணை, மனுசன் இனி ஒண்டும் கட்டாது போல," என்றான் கூட வேலை செய்தவன்.

"ஓம்," என்றேன்.

முதலாளி ஆசிரியைக்கு திரான்சி என்ற புறநகரில் ஓர் அறை எடுத்துக் கொடுத்தார். ஆசிரியை அதன்பின் கடைப்பக்கம் வரவில்லை. முதலாளியும் அவரைப் பற்றிப் பேசவில்லை.

அப்போதுதான் அவர் ஏலத்தில் வாங்கிய ஒரு நற்செய்திக் கையெழுத்துப் பிரதியின் செப்பனிடும் வேலை முடிந்திருந்தது. கொடுத்தவர் பெயரை அதன் கடைசித் தாளோடு சேர்த்து எழுதி வைப்பது அந்த மடங்களின் வழக்கம். மடத்திலிருந்து தொலைபேசியில் அதைக் கேட்டபோது முதலாளி அந்தக் கிராமத்தின் பெயரைச் சொன்னார். எதிர்முனையில் விளங்கவில்லை போலும். எழுத்தெழுத்தாகத் திரும்பவும் சொன்னார். தன் பெயரைச் சொல்லவேயில்லை.

கட்டிட வேலைக்கு உதவி கேட்டு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். "எங்கை கட்டப் போறியள்?" என்று கேட்பார். அவர்கள் இடத்தைச் சொன்னதும், "அங்கை தண்ணித்தொட்டி இருக்கோ?" என்பார்.